தீவுகளுக்கு வயதாகும் திசை

பள்ளிக்கூடத்தில் புவியியல் படித்த எல்லோருக்கும் 'வியாபாரக் காற்று' நினைவிருக்கும். அந்தக் காற்று என்ன வியாபாரம் செய்கிறது என்று எங்கள் வாத்தியார் கடைசிவரை சொல்லவில்லை. 'டிரேடு' என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய பொருள் தடம். தடம் மாறாமல் ஒரே பக்கமிருந்து வீசுகிறது என்பதற்காக மாலுமிகள் வைத்த பெயர் அது. பிற்காலத்தில் அந்தச் சொல்லுக்கு வாங்கல் விற்றல் என்ற பொருளே நிலைத்துவிட, நம் பாடநூல்காரர்களும் அதையே தமிழாக்கிவிட்டார்கள். தடக்காற்று என்று வைத்திருந்தால் பாதிப் பாடம் பெயரிலேயே முடிந்திருக்கும். நான் அப்படியே சொல்லிக்கொள்கிறேன்.

இந்தக் காற்றைத் தடத்தோடு பார்க்க வேண்டுமென்றால் தென் பசிபிக்கில் இருக்கும் சொசைட்டி தீவுகளுக்குப் போக வேண்டும். பிரெஞ்சு பாலினீசியாவின் ஒரு பகுதி. டஹிட்டி, மூரேயா, ஹுவாஹினே, ராயாத்தேயா, டஹா, போரா போரா, மௌபிட்டி என்று தென்கிழக்கிலிருந்து வடமேற்கு நோக்கி ஏறக்குறைய ஒரே கோட்டில் கிடக்கின்றன. தலைக்கும் வாலுக்கும் இடையே 300 கிலோமீட்டர்ச் சொச்சம். விமானத்தில் போகிறவர்கள் போரா போராவில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார்கள். சொந்தப் பாய்மரப் படகில் வருகிறவர்கள் கூட்டம் வேறு. நாற்பதடிப் படகு, அதற்குள் இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, சூரியத் தகடுகள், கடல்நீரைக் குடிநீராக்கும் சிறு எந்திரம், கணவனும் மனைவியும், சில சமயம் பிள்ளைகளும். பனாமா கால்வாயைத் தாண்டி, கலாபகஸ் வழியாக, மூன்று நான்கு வாரம் கரையே காணாமல் மார்க்கேசாஸ் தீவுகளை எட்டி, பிறகு துவாமோட்டு, பிறகு டஹிட்டி. முழுக்கக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு போகிற பாதை என்பதால் படகோட்டிகள் இதைத் 'தேங்காய்ப்பால் தடம்' என்று கேலியாகச் சொல்வார்கள். தென்னந்தீவுகளுக்கு நடுவே அலுங்காமல் நலுங்காமல் போய்ச் சேரலாம் என்ற எண்ணம். அலுங்குவதும் நலுங்குவதும் நிறையவே உண்டு, அதற்கு வருகிறேன்.

காற்று ஏன் தடம் மாறுவதில்லை? நிலநடுக்கோட்டில் சூடேறிய காற்று மேலெழுந்து, உயரத்தில் துருவங்களை நோக்கிப் பரவி, 30 பாகை அட்சரேகை வாக்கில் கீழே இறங்குகிறது. இறங்கிய காற்று மீண்டும் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். இங்கேதான் பூமியின் சுழற்சி குறுக்கே வருகிறது. 30 பாகையில் தரை கிழக்கு நோக்கி மணிக்குச் சுமார் 1,450 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, நடுக்கோட்டில் 1,670. மெதுவான தரையிலிருந்து கிளம்பிய காற்று வேகமான தரைக்கு வந்து சேரும்போது பின்தங்கிப்போகிறது. தரையில் நிற்கும் நமக்கு அது கிழக்கிலிருந்து வீசுவதாகத் தோன்றும். தென்கோளத்தில் தென்கிழக்கு. நம் கடற்கரையில் பருவத்துக்கு ஒரு திசை என்று வாடை, கொண்டல், கச்சான், சோளகம் எனப் பெயர் வைத்துப் பழகிய நமக்கு, வருடத்தில் பாதிக்கு மேல் ஒரே கொண்டல் என்றால் சற்று வியப்பாகத்தான் இருக்கும். பக்கத்திலேயே ஆசியா போன்ற பெருநிலம் இருந்து கோடையில் சூடேறிக் காற்றைத் தன் பக்கம் இழுத்தால்தான் பருவக்காற்று. டஹிட்டிக்கு அருகில் அப்படி ஒன்றுமே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்.

மே முதல் அக்டோபர் வரை இந்தக் காற்று நம்பகமானது, மணிக்கு 15 முதல் 20 கடல் மைல். சில நாள் வலுத்து 30-ஐத் தொடும். அந்த வலுத்த தென்கிழக்கை உள்ளூர்க்காரர்கள் 'மாராஆமு' என்கிறார்கள். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புயல் மாதங்கள். இவ்வளவு கிழக்கே புயல் வருவது அரிது. எல் நினோ ஆண்டுகளில் அந்தக் கணக்கு செல்லாது. 1982-83-இல் அடுத்தடுத்துப் பல புயல்கள் இந்தத் தீவுகளைப் புரட்டி எடுத்தன.

டஹிட்டியில் பாய் ஏற்றி மூரேயாவுக்குப் போவது 17 கிலோமீட்டர்க் கால்வாய், இரண்டு மணி நேரம். கிளம்பும்போது காற்றே இருக்காது. டஹிட்டியின் ஓரோஹேனா சிகரம் 2,241 மீட்டர். நம் கொடைக்கானலைவிட உயரம். தலைநகர் பப்பேட்டே அந்த மலைக்கு வடமேற்கில், காற்று மறைவில் இருக்கிறது. பாய் துவண்டு தொங்கும். கால்வாயின் நடுவே வந்ததும் மலையின் ஓரத்தைச் சுற்றிப் பிழிந்துகொண்டு வரும் காற்று சட்டென்று அறையும். பாயைச் சுருக்காமல் வந்தவர்கள் அந்த நேரத்தில்தான் கயிற்றைத் தேடுவார்கள். ஒரு மலையைக் காற்று எப்படிச் சுற்றிப்போகிறது என்பதைப் படம் வரைந்து விளக்குவதைவிட, தேநீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கால்வாயைக் கடந்தால் விரைவில் விளங்கும்.

இதே கால்வாயைத்தான் 1835 நவம்பரில் டஹிட்டியின் ஒரு மலைச்சரிவில் ஏறி நின்று 26 வயது சார்லஸ் டார்வின் பார்த்தார். எதிரே மூரேயா. கூர்கூரான மலைகள், அவற்றைச் சுற்றி அமைதியான நீர்வளையம், அதற்கு வெளியே அலை உடையும் வெள்ளைக் கோடு. கண்ணாடிச் சட்டம் போட்ட படம் போலிருக்கிறது என்று அவருக்குத் தோன்றியது: மலைதான் ஓவியம், காயல்தான் ஓரத்து வெற்றுத்தாள், பவளப்பார்தான் சட்டம். (பார் என்பது நம் மீனவர்களின் சொல், கடலுக்கடியில் கிடக்கும் பாறைத்திட்டுக்கும் பவளத்திட்டுக்கும் அவர்கள் அதைத்தான் சொல்வார்கள்.) படத்தை நடுவிலிருந்து எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? சட்டம் மட்டும். டார்வினின் கருத்து அதுதான். எரிமலைத் தீவு மெல்ல மூழ்குகிறது. அதன் கரையை ஒட்டி வளரும் பவளம் வெளிச்சம் வேண்டி மேல்நோக்கி வளர்ந்துகொண்டே இருக்கிறது. தீவு சுருங்கச் சுருங்கக் காயல் அகலமாகிறது. கடைசியில் மலை மறைந்து வளையம் மட்டும் நிற்கிறது. அந்த வளையத்துக்கு அட்டோல் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், தென் அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருந்தபோதே, ஒரு நல்ல பவளப்பாரைக் கண்ணால் காண்பதற்கு முன்பே, அவர் இதை யோசித்து வைத்திருந்தார். 1842-இல் புத்தகமாக எழுதினார். சரியா தப்பா என்று துளை போட்டுப் பார்க்க 110 ஆண்டுகள் ஆயின. 1952-இல் மார்ஷல் தீவுகளின் எனிவெட்டாக் அட்டோலில் அமெரிக்கர்கள் துளையிட்டார்கள். 1,400 மீட்டர் ஆழம்வரை பவளச் சுண்ணாம்பு, அதற்குக் கீழே எரிமலைப் பாறை. துளையிட்டதற்கான காரணம் டார்வின் அல்ல, அணுகுண்டு. அது வேறு கதை.

தீவு ஏன் மூழ்குகிறது என்பது டார்வினுக்குத் தெரியாது. அதற்கு 1960-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டஹிட்டிக்குக் கிழக்கே 100 கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் மெஹேத்தியா என்ற சிறு எரிமலைத் தீவும், கடலுக்கடியில் குமுறும் எரிமலைகளும் இருக்கின்றன. பூமியின் ஆழத்திலிருந்து சூடு பொங்கும் இடம் அது. அந்த அடுப்பு ஏறத்தாழ நிலையாக இருக்க, மேலே பசிபிக் தட்டு வடமேற்கு நோக்கி ஆண்டுக்குச் சுமார் 11 சென்டிமீட்டர், அதாவது அரைச் சாண், நகர்ந்துகொண்டிருக்கிறது. அடுப்புக்கு மேல் வந்தபோது பொங்கிய தீவு, தட்டோடு சேர்ந்து தள்ளிப்போகிறது. அடுப்பை விட்டு விலக விலகத் தரை குளிர்கிறது, சுருங்குகிறது, மலையின் பாரம் தாங்காமல் வளைகிறது. ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்குதான் இறக்கம். ஆனால் தீவுகளுக்கு அவசரமில்லை. டஹிட்டிக்கு வயது 10 லட்சம் ஆண்டுச் சொச்சம். போரா போராவுக்கு 30 லட்சத்துக்கு மேல். மௌபிட்டிக்குச் சுமார் 40 லட்சம். டஹிட்டியிலிருந்து மௌபிட்டிக்கு உள்ள தூரத்தை அரைச் சாணால் வகுத்துப் பாருங்கள், 30 லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக விடை வரும். இரண்டு தீவுகளின் வயது வித்தியாசமும் ஏறக்குறைய அதுதான்.

தட்டு போவது வடமேற்கு. தடக்காற்று தள்ளுவதும் வடமேற்கு. ஒன்று பூமிக்குள்ளிருக்கும் வெப்பத்தால் நடப்பது, மற்றது சூரிய வெப்பத்தால் நடப்பது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனாலும் பாய் விரித்துக் காற்று போன போக்கில் போகிற படகுக்காரர், தன்னை அறியாமலே தீவுகளுக்கு வயதாகும் திசையில் போய்க்கொண்டிருக்கிறார். தட்டு 30 லட்சம் ஆண்டில் கடந்த தூரத்தை அவர் நடுவில் நங்கூரம் போட்டு, மீன் பிடித்து, துணி துவைத்து, பத்து நாளில் கடக்கிறார். பிரெஞ்சு நிர்வாகம்கூடத் தெரிந்தோ தெரியாமலோ இதையே பெயராக வைத்திருக்கிறது: டஹிட்டி, மூரேயா பக்கத்துக்குக் 'காற்றுமுகத் தீவுகள்', ஹுவாஹினே முதல் மேற்கே உள்ளவை 'காற்றுமறைவுத் தீவுகள்'. முன்னதில் இளமை, பின்னதில் முதுமை.

மூரேயாவிலிருந்து ஹுவாஹினே 80 கடல் மைல். மணிக்கு ஆறு மைல் வேகத்தில் 13 மணி நேரத்துக்கு மேல். பகலில் கிளம்பினால் இருட்டில் போய்ச் சேர வேண்டும், பார் சூழ்ந்த தீவுக்குள் இருட்டில் நுழைவது தற்கொலை. ஆகவே மாலையில் கிளம்பி இரவெல்லாம் ஓட்டி, சூரியன் நன்றாக ஏறிய பிறகு சேர்வது வழக்கம். 'அலுங்காமல்' என்ற பேச்சு இந்த இரவில் கலைந்துவிடும். பின்காற்றில் போகும் ஒற்றைக்கூட்டுப் படகு ஊஞ்சல் மாதிரி இடமும் வலமும் ஆடும். அடுப்பு இரண்டு அச்சாணிகளில் தொங்கும்படி பொருத்தப்பட்டிருக்கும். படகு 20 பாகை சாய்ந்தாலும் சட்டியிலுள்ள சோறு மட்டமாகவே இருக்கும். சமைக்கிறவர்தான் இடுப்பில் ஒரு பட்டையால் தன்னைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

இந்தப் பின்காற்று ஓர் ஏமாற்றுக்காரன். காற்று 18 மைல் வேகத்தில் வீசுகிறது, படகும் அதே திசையில் 6 மைலில் போகிறது என்றால், மேல்தளத்தில் நிற்பவருக்கு 12 மைல் காற்றுதான் தெரியும். இதமாக இருக்கிறதே என்று பாயை முழுக்க விரித்து வைத்திருப்பார். யாரோ கடலில் விழுந்துவிட்டார்கள், படகைத் திருப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றை எதிர்த்துத் திரும்பிய கணமே 18-உம் 5-உம் சேர்ந்து 23. காற்றின் விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 12-இலிருந்து 23 என்றால் விசை ஏறக்குறைய நான்கு மடங்கு. தென்றலாக இருந்தது ஒரு திருப்பத்தில் சூறைக்காற்றாகிவிடும். பழகியவர்கள் இருட்டுமுன் பாயைச் சுருக்குவது இதனால்தான், பயத்தால் அல்ல.

காற்று எவ்வளவு வலுத்தாலும் படகின் வேகம் ஓரளவுக்கு மேல் கூடாது என்பது இன்னொரு விநோதம். ஓடும் படகு தண்ணீரில் ஓர் அலையை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட அந்த அலையின் நீளமும் கூடும். அலையின் நீளம் படகின் நீளத்துக்குச் சமமாகும்போது முன்முகடு அணியத்தில் (முன்முனையில்), பின்முகடு கடையில் (பின்முனையில்), நடுவே பள்ளத்தில் படகு. தானே வெட்டிய குழியில் தானே உட்கார்ந்திருக்கிற நிலை. இதற்குமேல் வேகம் வேண்டுமென்றால் தன் முன்னலையின் மேலேயே ஏற வேண்டும். கனமான படகால் முடியாது. நீரில் பதியும் நீளம் 11 மீட்டர் என்றால் இந்த எல்லை மணிக்கு 8 கடல் மைல். ஊசி போல மெலிந்த கூடுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. அவை எழுப்பும் அலையே சிறியது. இரட்டைக்கூட்டுப் படகுகள் வேகமாக ஓடுவதன் ரகசியம் இது.

அந்தப் படகுகளுக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் 'கட்டமரான்'. நம் கட்டுமரம்தான். வில்லியம் டாம்பியர் என்ற ஆங்கிலேயர், பாதி கடற்கொள்ளையர், பாதி இயற்கை ஆய்வாளர், சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தைப் பற்றி 1697-இல் வெளியான தன் பயண நூலில் எழுதினார்.  ஆனால் அவர் கண்டது நாலைந்து கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த நம் மிதவை. இரண்டு கூடுகளை இடைவெளிவிட்டுக் குறுக்குச் சட்டங்களால் இணைக்கும் வடிவம் பாலினீசியருடையது. பெயர் நம்முடையது, உருவம் அவர்களுடையது. இன்று ராயாத்தேயாவில் வாடகைக்கு நிற்கும் வெள்ளை வெளேரென்ற கட்டமரான்களில் கட்டும் இல்லை, மரமும் இல்லை, எல்லாம் கண்ணாடியிழை.

ஹுவாஹினே வந்துவிட்டது. மேற்குக் கரையில் ஃபாரே என்ற ஊருக்கு எதிரே பாரில் ஒரு வாசல். வாசல் ஏன் அங்கே இருக்கிறது? பவளத்துக்கு நன்னீரும் ஆகாது, சேறும் ஆகாது. மலையிலிருந்து ஆறு இறங்கும் இடத்துக்கு நேர் எதிரே பவளம் சரியாக வளர்வதில்லை. போதாததற்கு, பனியுகத்தின் உச்சத்தில், 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அப்போது பார் முழுக்க வெளியே நின்ற சுண்ணாம்பு மதில். ஆறுகள் அதை அறுத்துக்கொண்டு ஓடிய பள்ளங்கள்தாம் இன்று பல இடங்களில் வாசல். வரைபடத்தில் பள்ளத்தாக்கைத் தேடு, எதிரே வாசல் இருக்கும் என்பது பழைய மாலுமிகளின் கணக்கு.

வாசலை நெருங்கும்போது ஒருவர் அணியத்தில் போய் நிற்க வேண்டும், முடிந்தால் பாய்மரத்தில் ஏற வேண்டும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். அப்போது கடல் ஓர் ஆழமானி. நீர் சிவப்பொளியை முதல் சில மீட்டரிலேயே குடித்துவிடும், நீலத்தைக் கடைசிவரை விட்டுவைக்கும். கருநீலம் என்றால் அடி தெரியாத ஆழம். இளம்பச்சை கலந்த நீலம் என்றால் நாலைந்து மீட்டருக்குக் கீழே வெண்மணல். பச்சை வெளுத்து வெள்ளையானால் முழங்கால் அளவு. பழுப்பு தெரிந்தால் அது பவளம், அதுவும் படகின் அடிக்கட்டைக்கு எட்டும் உயரத்தில். சூரியன் எதிரே இருந்தால் இதெல்லாம் ஒரே வெள்ளித் தகடாகிவிடும், ஒன்றும் தெரியாது. மேகம் ஒன்று சூரியனை மறைத்தாலும் அப்படித்தான். அப்போது எந்திரத்தை நிதானத்தில் வைத்துவிட்டு மேகம் நகரும்வரை காத்திருப்பதே புத்தி. கையிலுள்ள திரையில் செயற்கைக்கோள் இடம் காட்டுகிறதே என்று கேட்கலாம். காட்டுகிறது. சென்ற வருடம் வளர்ந்த பவளத்தை அது காட்டாது.

இன்னொன்று. நம் கரையில் மீன்பிடிக்கிறவர்கள் அமாவாசை, பௌர்ணமி, அட்டமி என்று நிலவைப் பார்த்துத் தண்ணீரின் ஏற்ற இறக்கத்தைச் சொல்வார்கள். டஹிட்டியில் நிலவுக்கு வேலையில்லை. நண்பகல் வாக்கிலும் நள்ளிரவு வாக்கிலும் ஏற்றம், காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும் இறக்கம். இன்றும் அப்படி, நாளையும் அப்படி. மொத்த ஏற்றமே ஓர் அடிதான். முதன்முதலில் கேட்கும்போது யாரோ கதை விடுகிறார்கள் என்றே தோன்றும்.

காரணம் அழகானது. நிலவு இழுப்பதால் எழும் ஓதம், பெருங்கடல் முழுவதும் ஒரே சமயத்தில் பொங்கி வடிவதில்லை. கிண்ணத்தில் காபியைச் சுழற்றினால் விளிம்பில் ஏறி இறங்கி, நடுவில் ஒரு புள்ளி மட்டும் அசையாமல் நிற்கிறதல்லவா? அதுபோல நிலவின் ஓத அலை கடலில் சில புள்ளிகளைச் சுற்றிச் சுழல்கிறது. அந்தப் புள்ளிகளில் நிலவின் ஏற்றம் ஏறக்குறைய பூச்சியம். டஹிட்டி அப்படியொரு புள்ளிக்கு அருகில் அமைந்துவிட்டது. பெரிய ஓதம் ஒழிந்ததும், எப்போதும் அதன் நிழலில் மறைந்திருக்கும் சூரியனின் சிறிய ஓதம் வெளியே தெரிகிறது. சூரியன் உச்சிக்கு வரும் நேரம் மாறாது, ஆகவே ஓதத்தின் நேரமும் மாறாது. பள்ளியில் 'நிலவு பாதி, சூரியன் பாதி' என்று குத்துமதிப்பாகப் படித்ததை இங்கே தனித்தனியே பிரித்துப் பார்க்க முடிகிறது.

ஓதம் இவ்வளவு சிறியதென்றால் வாசலில் நீவாடு (நீரோட்டம்) இருக்காது என்று நினைத்துவிடக் கூடாது. பாரின் மேல் உடையும் ஒவ்வோர் அலையும் ஒரு குடம் தண்ணீரைக் காயலுக்குள் கொட்டுகிறது. அந்தத் தண்ணீர் பாரைத் தாண்டித் திரும்ப முடியாது. வாசல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதனால் பல வாசல்களில் நீரோட்டம் எந்நேரமும் வெளிநோக்கியே ஓடுகிறது, கடல் கொந்தளித்தால் இன்னும் வேகமாக. மௌபிட்டியில் இதன் விளைவைப் பார்ப்போம்.

ஹுவாஹினேயை அடுத்து ராயாத்தேயா. வயதாகியும் இங்கே 1,017 மீட்டர் மலை இன்னும் நிற்கிறது. வரிசையில் இது கொஞ்சம் முரண்டு பிடிக்கும் தீவு. பாலினீசியர்களுக்கு இது தாய்வீடு. 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய தபுதபுவாத்தேயா கோயில் முற்றம் இங்கே கடலைப் பார்த்தபடி கிடக்கிறது. கேப்டன் குக்கின் எண்டெவர் கப்பலில் 1769-இல் ஏறிய குருவும் மாலுமியுமான துபாயா இந்தத் தீவுக்காரர். எந்தக் கருவியும் இல்லாமல் நினைவிலிருந்து சொல்லி, 74 தீவுகள் கொண்ட வரைபடத்தை வரைய வைத்தவர். இந்த மக்கள் மேற்கிலிருந்து கிழக்கே வந்து குடியேறியவர்கள். தடக்காற்றுக்கு நேர் எதிர்த்திசை! அது எப்படி முடியும் என்று குழம்பிய ஐரோப்பியர்களுக்கு, நவம்பர் முதல் ஜனவரி வரை மேல்காற்று எழும், அப்போது கிழக்கே போவோம் என்று துபாயாவே விடை சொல்லிவிட்டார். அப்படியும் இருபதாம் நூற்றாண்டில் சில அறிஞர்கள், காற்று அடித்துக்கொண்டு போய்த் தற்செயலாகச் சேர்ந்தவர்கள் இவர்கள் என்று வாதாடினார்கள். 1976-இல் ஹொகுலேஆ என்ற இரட்டைக்கூட்டுக் கலம், கருவி ஏதுமின்றி, மைக்ரோனீசிய மாலுமி மாவ் பியாய்லுக் வழிகாட்ட, ஹவாயிலிருந்து டஹிட்டிக்கு ஒரு மாதத்துக்குச் சற்று மேல் ஓடிவந்து அந்த வாதத்தின் வாயை அடைத்தது.

ஹொகுலேஆ என்பது நம் சுவாதி நட்சத்திரம். ஹவாய்க்கு நேர் மேலே போகும். தீவுக்கு உச்சியில் வரும் நட்சத்திரம் எது என்று தெரிந்தால், அது தலைக்கு நேர் மேலே வரும்வரை வடக்கே அல்லது தெற்கே ஓட்டிவிட்டுப் பிறகு காற்றின் போக்கில் திரும்பிவிடலாம். ராயாத்தேயாவுக்கு அந்த வேலையைச் செய்வது சிரியஸ். வானத்தின் மிகப் பிரகாசமான நட்சத்திரம், இன்று வான நடுக்கோட்டுக்குத் தெற்கே 16 பாகை முக்கால். ராயாத்தேயாவும் கிட்டத்தட்ட அதே அட்சரேகை. அக்டோபர் கடைசியில் விடியுமுன், மணி நாலரை வாக்கில் மேல்தளத்தில் மல்லாந்து படுத்தால், பாய்மர உச்சியில் விளக்கு ஏற்றியது போல அது நிற்கும். அந்த நேரத்தில் எழுந்திருப்பவர்கள் இரவுக்காவல் முறை வந்தவர்கள் மட்டும்தான்.

போரா போராவைப் பற்றி ஏற்கெனவே உலகம் நிறையப் பேசிவிட்டது. ஓட்டேமானு சிகரம் 727 மீட்டர், சுற்றிலும் மலையைவிடப் பெரிய காயல். எரிமலைவாயின் விளிம்பு தேய்ந்து மிஞ்சிய பல் போல நிற்கிறது. விளம்பரப் படங்களில் வருவது இதுதான். அவற்றில் வராதது ஒன்று உண்டு: திரும்பும் பயணம். ராயாத்தேயாவில் வாடகைப் படகு எடுத்தவர்கள் சிரித்துக்கொண்டே போரா போராவுக்கு வருவார்கள். திரும்பிப் போக வேண்டிய திசை தென்கிழக்கு. காற்று வருவதும் அங்கிருந்துதான்.

நேர் எதிர்க்காற்றில் எந்தப் பாய்மரப் படகும் போகாது. 45 பாகை சாய்வாகப் போகலாம். அது எப்படி முடிகிறது என்றால், வளைந்த பாய் விமானத்தின் இறக்கை போல் வேலை செய்கிறது. பாயின் வெளிவளைவில் காற்றழுத்தம் குறைகிறது, பாய் அந்தப் பக்கம் இழுக்கப்படுகிறது. இழுப்பில் பெரும்பகுதி பக்கவாட்டில்; சிறு பங்கு மட்டும் முன்னோக்கி. தண்ணீருக்குள் துடுப்பைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஆழமான அடிக்கட்டை பக்கவாட்டு இழுப்பைத் தடுத்துவிட, மிஞ்சியது படகை முன்னே நகர்த்துகிறது. ஈரமான எலுமிச்சை விதையை இரண்டு விரலால் அழுத்தினால் முன்னே பிதுங்குகிறதே, அதே கணக்கு. இப்படி வலமும் இடமுமாக மடித்து மடித்துப் போனால் இருபதுச் சொச்சம் கடல் மைல் முப்பதுக்கு மேல் ஆகும். ஆழமான அடிக்கட்டை இல்லாத வாடகைக் கட்டமரான் இன்னும் வழுக்கும். பெரும்பாலோர் பாயை இறக்கிவிட்டு டீசல் எந்திரத்தைப் போட்டுவிடுகிறார்கள். நான் குறை சொல்ல மாட்டேன். குமட்டும் வயிற்றோடு தத்துவம் பேச முடியாது.

திரும்பாதவர்கள் மேற்கே 27 மைல் தள்ளி மௌபிட்டிக்குப் போகிறார்கள். மலை இப்போது 380 மீட்டராகக் குறைந்துவிட்டது. வாசல் ஒன்றே ஒன்று, தெற்குப் பார்த்து. தென்மாக்கடலில் பல நாள் தொலைவில் அடித்த புயலின் நீண்ட அலைகள் நேரே அந்த வாசலுக்கு வந்து சேரும். அதே அலைகள் தெற்குப் பாரைத் தாண்டிக் காயலை நிரப்ப, நிரம்பிய நீர் அந்த ஒரே வாசலில் வெளியே பாயும். உள்ளே வரும் அலை, வெளியே ஓடும் நீவாடு. எதிர்நீரோட்டத்தில் அலை குறுகும், குறுகிய அலை உயரும், உயர்ந்தது உடையும். கலங்கரைக் குறிகளை நேர்க்கோட்டில் வைத்துக்கொண்டு, இருபுறமும் வெள்ளை நுரை, படகின் பின்புறத்தைத் தூக்கிப் பக்கவாட்டில் திருப்பப் பார்க்கும் அலை, சுக்கானில் இரண்டு கை. முப்பது வினாடி. உள்ளே நுழைந்ததும் குளம். நல்ல நாள் பார்த்து வருகிறவர்களுக்கு இது சாதாரண வாசல். மற்ற நாள்களில் வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் பேசாமல் மேற்கே திரும்பிவிடுகிறவர்கள் உண்டு, உள்ளே வந்துவிட்டு வெளியேற முடியாமல் ஒரு வாரம் மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு.

மௌபிட்டிக்கும் மேற்கே ஏறக்குறைய 100 மைலில் மௌபிஹா. இங்கே மலை இல்லை. சட்டம் மட்டும் மிஞ்சியிருக்கிறது, படம் போய்விட்டது. வானம் தெளிவாக இருந்தால் டஹிட்டியின் சிகரம், பூமியின் வளைவுக் கணக்குப்படி, நூறு மைலுக்கு அப்பாலிருந்தும் தெரிய வேண்டும். போரா போரா ஐம்பதுச் சொச்சத்தில். மௌபிஹாவில் தென்னையின் உச்சிதான் மிக உயரமான பொருள்; பத்துப் பன்னிரண்டு மைலுக்குள் வந்தால்தான் கண்ணில் படும். அதன் வாசல் மிகக் குறுகியது, பெரிய கப்பல் எதுவும் உள்ளே போக முடியாது.

1917-இல் அப்படி வெளியே நங்கூரமிட்ட கப்பல் ஒன்றின் எச்சங்கள் இன்னும் அந்தப் பாரில் கிடக்கின்றன. ஸேஆட்லர், மூன்று பாய்மரங்கள் கொண்ட ஜெர்மானியப் போர்க்கப்பல். முதல் உலகப் போரின் நடுவிலும் பாய் விரித்து எதிரிக் கப்பல்களை வேட்டையாடியது. ஆகஸ்ட் 2 அன்று பாரில் மோதி உடைந்தது. திடீரென்று ஒரு பேரலை வந்து தூக்கியெறிந்தது என்றார் கேப்டன் லுக்னர். பிடித்த கப்பல்களிலிருந்து அதில் ஏற்றப்பட்டிருந்த கைதிகளோ, அலையும் இல்லை ஒன்றும் இல்லை, எல்லோரும் கரையில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கப்பல் தானாக ஒதுங்கிவிட்டது என்றார்கள். லுக்னரும் ஐந்து பேரும் ஒரு திறந்த படகில் பாய் கட்டி ஃபிஜிவரை ஓடினார்கள். பின்னால் தீவில் விடப்பட்ட கைதிகளில் நாலு பேர் இன்னொரு திறந்த படகில் உதவி தேடிப் புறப்பட்டு, சுமார் ஆயிரம் மைல் கடந்து, அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோ துறைமுகத்தை எட்டினார்கள். ஃபிஜியும் மேற்கு, சமோவாவும் மேற்கு. மௌபிட்டி நூறே மைல், கிழக்கே.